சானல் பாலத்தில் ஒரு நாரங்கா

எங்கள் கொடுப்பைவிளைக்கு உள்ளே வரவும் வெளியே போகவும் வழி ஒன்றுதான், பாசனக் கால்வாயின் மேல் போகிற சானல் பாலம். அந்தப் பாலத்தில் இந்த வருஷம் மஞ்சள் கயிறு கட்டி, தார் டிரம் ஒன்றை நடுவில் நிறுத்தி, நாற்காலி போட்டுக் காவல் வைத்தார்கள். தங்கத்துக்கு அல்ல, எலுமிச்சம்பழத்துக்கு. களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் அரிசி லாரியை மறித்துக் குத்தூசி போட்டுப் பார்ப்பார்களே, அதெல்லாம் இதற்கு முன்னால் பிள்ளை விளையாட்டு. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் டிபன் பாக்ஸைத் திறந்து காட்டிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனார்கள் என்றும், எலுமிச்சைச் சோறு கொண்டுபோன பிள்ளையின் சோற்றைக் கிண்டி விதை பொறுக்கினார்கள் என்றும் நான் வடசேரிச் சந்தையில் சொல்லிவிட்டு வந்தேன். பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேர் அதை இன்னும் கொஞ்சம் நீட்டி எனக்கே திருப்பிச் சொன்னார்கள். மின்வாரியத்தில் காலமெல்லாம் மீட்டரில் உள்ளதை உள்ளபடி எழுதி ஓய்வு பெற்றவன் நான். இனிமேலாவது கொஞ்சம் கூட்டி எழுதிக்கொள்கிறேன், மன்னிக்க வேண்டும்.

கூட்டாமல் சொன்னால் காரியம் இதுதான். தெற்குத் தெரு செல்லபாயின் தோட்டத்தில் எலுமிச்சை மரங்களுக்குச் சீக்கு வந்தது. இலை ஒரு பாதி மஞ்சள், ஒரு பாதி பச்சை. காய் கோணிக்கொண்டு, பழுத்த பிறகும் அடிப்பக்கம் பச்சையாகவே நின்றது. கடுகில் பாதிகூட இல்லாத ஒரு பூச்சி மரத்துக்கு மரம் இதைக் கொண்டுபோகிறதாம். மருந்து கிடையாது. செல்லபாயின் மரங்களை வெட்டினார்கள். ஊரிலுள்ள மற்ற மரங்களைச் சோதித்து முடிக்கிறவரைக்கும் அந்த இனத்துப் பழமோ இலையோ காம்போ கன்றோ சானலைத் தாண்டக்கூடாது என்று உத்தரவு வந்தது.

பாலத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அதிகாரி ரெஜிலா. திங்கள்சந்தைப் பக்கத்துப் பிள்ளை, வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருக்காது. "பூச்சி பறந்து சானலைத் தாண்டாதாம்மா?" என்று நான் கேட்டேன்.

"பூச்சிக்கு எங்களால சொல்லிப் பாக்க முடியாது சார். மனுஷங்களுக்குத்தான் சொல்ல முடியும்" என்றாள்.

அந்த உத்தரவைப் பற்றி ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று ஊரைச் சுற்றிச் சொல்லிக்கொண்டு போனது. 'நாரத்தை இனப் பழங்கள்' என்று சொன்னது. அங்கேதான் வினை. எலுமிச்சம்பழத்துக்கு எங்கள் பக்கத்தில் நாரங்கா என்று பெயர். நாரத்தங்காய் என்பது வேறு, அது பச்சடிக்கு. ஆகவே நாரத்தை என்று கேட்டதும் ஊர் மொத்தமும், 'ஓ, பச்சடிக் காய்க்குத்தான் தடை, நாரங்காய்க்கு ஒன்றுமில்லை' என்று நிம்மதியாகத் திரும்பிப் படுத்துக்கொண்டது.

அப்படித் திரும்பிப் படுத்தவர்களில் முதல் ஆள் என் பக்கத்து வீட்டுக் கிருஷ்ணமணி. சாக்கு வியாபாரி. வரும் ஞாயிற்றுக்கிழமை அவருடைய மகள் அபிதாவுக்கு எங்கள் ஊர்க் கோவில் மண்டபத்தில் கல்யாணம். மாப்பிள்ளை குலசேகரத்துப் பையன் ஸ்ரீஜித். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் பந்தலுக்குள் கால் வைக்கிறவர்களுக்குச் சந்தனம் தொட்டு, பன்னீர் தெளித்து, கையில் ஒரு நாரங்கா கொடுப்போம். சந்தனம் வேர்வையோடு போய்விடும், பன்னீர் காற்றோடு போய்விடும். நாரங்கா மட்டும் வீடுவரைக்கும் கூட வரும். அதை வாங்கினவர் இன்ன கல்யாணத்துக்கு மதிக்கப்பட்டுப் போய்வந்தார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கிருஷ்ணமணி வடசேரியிலிருந்து மூட்டை மூட்டையாக நாரங்கா வாங்கி டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தார். நானும் கூட இருந்தேன். ரெஜிலா எழுந்து வந்து ஒரு பழத்தை எடுத்துப் பார்த்தாள்.

"உள்ள கொண்டு போறதுக்குத் தடையில்ல அண்ணே. ஆனா உள்ள போனது பின்ன வெளிய வரப்பிடாது."

"இது கல்யாணத்துக்கு வாறவிய கையில குடுக்கதுக்காக்கும் மேடம்."

"குடுங்க. போகும்போ என்கிட்ட தந்துட்டுப் போகட்டும்."

கிருஷ்ணமணி என்னைப் பார்த்தார், பிறகு பழத்தைப் பார்த்தார். "ஆட்டோவில நாரத்தைன்னுல்லா சொன்னாவ? இது நாரங்கா."

"எல்லாம் ஒரே இனம்தான். நாரத்தை, எலுமிச்சை, சாத்துக்குடி, பம்ளிமாஸ்..."

"பாத்தியளா, நாரங்கா சொல்லலியே!"

"எலுமிச்சைதானே அண்ணே நாரங்கா!"

"அது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். ஆட்டோவுக்குத் தெரியாண்டாமா?"

ரெஜிலாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "எழுதினவங்க வேற ஊருக்காரங்க. நானே வீட்டுல நாரங்கான்னுதான் சொல்லுவேன். ஆனா சட்டத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

டெம்போ உள்ளே வந்தது. கிருஷ்ணமணியின் முகம் மட்டும் பாலத்திலேயே நின்றுவிட்டது. காரணம் முருகதாஸ்.

முருகதாஸ் மாப்பிள்ளையின் தாய்மாமன். அப்பா இல்லாத ஸ்ரீஜித்தை வளர்த்து ஆளாக்கினவர். அந்த வீட்டில் அவர் சொல்லாமல் அடுப்பில் உலைகூட ஏறாது. குலசேகரத்துக்கு மேலே கொஞ்சம் ரப்பரும், கீழே நிறைய ரோஷமும் உள்ள மனுஷர். ஒரு காலத்தில் திருவட்டாறு பக்கம் ஒரு கல்யாணத்தில் அவருக்கு நாரங்காய்க்குப் பதில் மிட்டாய் கொடுத்தார்கள். இலையில் உட்காராமல் இறங்கிப் போனவர், அந்தக் குடும்பம் இருக்கிற திசையில் தலைவைத்துப் படுக்கவில்லை என்பார்கள். நான் சொல்லும்போது, அந்தத் திசைக்குத் தலையைத் திருப்புவதே இல்லை, அதனால் பிடரி ஒரு பக்கமாக நின்றுவிட்டது என்பேன். நிச்சயத்தின்போது கிருஷ்ணமணியிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "எனக்குப் பொன்னும் வேண்டாம், பொருளும் வேண்டாம். பந்தல்ல கேறும்போ கையில ஒரு நாரங்கா. மரியாதை அதாக்கும்."

அபிதா அந்த வீட்டில் போய் வாழப்போகிறவள். முதல் நாளே அந்த வீட்டுப் பெரிய மனுஷரின் கையிலிருந்து நாரங்காயைப் பாலத்தில் வைத்துப் பிடுங்கினால், பிறகு அந்தப் பெண்ணுக்கு அங்கே என்ன வெளிச்சம்?

அன்று சாயங்காலம் கிருஷ்ணமணி வீட்டில் ஆலோசனை. கிருஷ்ணமணியின் மனைவி முத்துக்கனி தேங்காய் திருவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பேசாம, எல்லாரும் போகும்போ பாலத்துக்கு அந்தப் பக்கம் வச்சுக் குடுத்தா என்ன?" என்றேன் நான்.

"நல்லா இருக்கு அண்ணே. ஆளு எறங்கிப் போகும்போ ரோட்டுல நின்னு குடுக்கதுக்கு இது மரியாதையா, பஸ் டிக்கெட்டா?" என்றாள் முத்துக்கனி.

"அப்போ நாரங்காயே வேண்டாம்னு வச்சிட்டா?" என்றார் கிருஷ்ணமணி.

"வையும். நாளைக்கு உம்ம பொண்ணு அங்க இருந்து போன் போட்டு அழுவா. அப்பவும் இப்படியே வாயத் தொறந்துட்டு இரும்."

நான் எழுந்து பாலத்துக்குப் போனேன். ரெஜிலா கிளம்பிக்கொண்டிருந்தாள். "ஏம்மா, பழம் போகப்பிடாது செரி. வயித்துக்குள்ள போச்சுன்னா?"

"சாறா குடிச்சிட்டுப் போனா எனக்கு ஒண்ணும் இல்ல சார். தோலும் விதையும் இங்க நிக்கணும். குழி தோண்டி மூடணும்."

வடசேரி பஸ் நிலையத்துப் பக்கம் சர்பத் கடை வைத்திருக்கும் ஜான்ரோஸ் என் சிநேகிதன். விஷயத்தைச் சொன்னதும், "அண்ணாச்சி, கல்யாண வீட்டுக்காரன் தந்த மரியாதையப் பிழிஞ்சு குடுக்கணும், அவ்வளவுதானே?" என்றான். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பாலத்தின் எங்கள் பக்கத்தில் பெஞ்சு போட்டு, கட்டை பிழிப்பான்களும் ஐஸ் பெட்டியும் நன்னாரிக் குப்பிகளுமாக உட்கார்ந்துவிட்டான்.

கல்யாணம் நன்றாக நடந்தது. தாலி கட்டியதை நான் சரியாகப் பார்க்கவில்லை. முருகதாஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறடி உயரம், கஞ்சி போட்ட வேட்டி, வெள்ளை மீசை. பந்தல் வாசலில் கிருஷ்ணமணியே சந்தனம் தொட்டு, இருப்பதிலேயே பெரிய நாரங்காயை இரண்டு கையாலும் கொடுத்தார். முருகதாஸ் அதை வாங்கி முகர்ந்து பார்த்து, "நல்ல இனம்" என்றார். பிறகு அதை இடது கையில் வைத்துக்கொண்டேதான் ஆசீர்வதித்தார், சாப்பிட்டார், போட்டோவுக்கு நின்றார். எல்லாப் போட்டோவிலும் மாப்பிள்ளை பெண்ணைவிட அந்தப் பழம்தான் நன்றாக விழுந்திருக்கிறது.

சாப்பாடு முடிந்து ஆட்கள் கிளம்பினார்கள். பாலத்தில் அப்படி ஒரு கூத்தை நம் மாவட்டம் கண்டிருக்காது. கையிலுள்ள நாரங்காயை ஜான்ரோஸிடம் நீட்டுவது, அவன் அதைக் கண்ணெதிரே பிழிந்து ஒரு கிளாஸ் நாரங்கா வெள்ளம் நீட்டுவது, நின்ற நிலையில் குடிப்பது, பாலம் தாண்டுவது. சிலர் இரண்டாவது கிளாஸுக்காக மண்டபத்துக்குத் திரும்பி ஓடி இன்னொரு நாரங்கா வாங்கி வந்தார்கள். இரணியலிலிருந்து வந்த ஒரு அம்மாள் கொண்டைக்குள் ஒன்றை வைத்துக்கொண்டு போகப்பார்க்க, ரெஜிலா மெதுவாக, "அம்மா, கொண்டை நேத்தைக்கு இவ்வளவு பெருசா இல்லியே" என்றாள். நேற்று அந்த அம்மாளை ரெஜிலா பார்த்ததே கிடையாது. தோல் கழுவின தண்ணீர் சொட்டுச் சொட்டாகச் சானலில் விழுந்து, மீன்களெல்லாம் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு நீந்தின என்று நான் சொல்வதை மட்டும் யாரும் நம்புவதில்லை.

கடைசியாக மாப்பிள்ளை வீட்டாரின் வண்டிகள் வந்தன. முதல் காரில் ஸ்ரீஜித்தும் அபிதாவும் மாப்பிள்ளையின் அம்மாவும். முன் சீட்டில் முருகதாஸ், மடியில் நாரங்கா. ராகு காலம் தொடங்குமுன் பெண் பாலத்தைத் தாண்டவேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம். ஜான்ரோஸ் கிளாஸைக் கழுவிக்கொண்டு தயாராக நின்றான்.

கிருஷ்ணமணி கார்க் கதவருகே குனிந்தார். "சம்மந்தி, ஒரு நாரங்கா வெள்ளம் குடிச்சிட்டுப் போலாம்லா? நல்ல வெயிலு."

"வேண்டாம். வயிறு நெறஞ்சிருக்கு."

"இல்ல... அந்த நாரங்காய..."

"இதுக்கு என்ன?"

ரெஜிலாதான் முன்னால் வந்து விஷயத்தைச் சொன்னாள். சீக்கு, பூச்சி, உத்தரவு எல்லாம். முருகதாஸ் பொறுமையாகக் கேட்டார்.

"பிள்ளே, நீ சொல்லுதது செரியான காரியமாக்கும். எனக்கும் தோட்டம் உண்டு. சீக்கு வந்த எடத்துல இருந்து ஒரு காயும் வெளிய போகப்பிடாது. நான் சட்டத்த மீறமாட்டேன்."

எல்லோருக்கும் மூச்சு வந்தது.

"ஆனா" என்றார் முருகதாஸ், "இது எனக்குப் பெண்வீட்டுக்காரரு ரெண்டு கையாலயும் தந்த மரியாதையாக்கும். இதப் பிழிஞ்சு குடிச்சிட்டு மூத்திரமா விடதுக்கு நான் ஆளில்ல. பழம் போகப்பிடாதுன்னா, நானும் போகல."

சொல்லிவிட்டுக் காரிலிருந்து இறங்கினார். "அண்ணா, என்ன இது?" என்று மாப்பிள்ளையின் அம்மா கலங்கினாள். அவர் அவள் தோளில் தட்டி, "நீ பிள்ளையளக் கூட்டிட்டுப் போ. வெளக்கெடுத்துப் பெண்ண வீட்டுக்குள்ள கேத்த நீ போதும். நேரம் ஆவுது" என்று சொல்லி, காரின் பின்பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பினார். அபிதா பின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே போனாள். முருகதாஸ் நாரங்காயோடு திரும்பி, வந்த வழியே ஊருக்குள் நடந்தார். கிருஷ்ணமணியும் முத்துக்கனியும் நானும் பின்னாலே ஓடினோம்.

"எங்க தங்கணும் நான்?" என்று கேட்டார், கிருஷ்ணமணியின் வீட்டு வாசலில் நின்று.

அப்படித்தான் மாப்பிள்ளையின் தாய்மாமன் பெண் வீட்டில் வந்து குடியேறினார். அவர் இருந்தது பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். நான் எல்லோரிடமும் இரண்டு மாதம் என்றுதான் சொல்வேன். முன்னறை ஜன்னலில் ஒரு வெற்றிலையை விரித்து அதன்மேல் நாரங்காயை வைத்தார். காலையில் குளித்து வந்ததும் அதைத் திருப்பி வைப்பார், ஒரே பக்கத்தில் கிடந்தால் அழுகும் என்று.

கிருஷ்ணமணிக்கு உறக்கம் போயிற்று. "அண்ணாச்சி, அவரு கோவமா இருக்காரா, இல்லியா? அத மட்டும் எனக்குச் சொல்லுங்க."

"கேட்டுப் பாரும்."

"கேட்டா கோவம் வந்திருமே!"

கோபம் உள்ளவராகவே தெரியவில்லை. தோசை தின்றார். சாக்குக் கிடங்குக்குப் போய், "இப்படி அடுக்கினா அடியில உள்ளது மக்கிரும்" என்று எல்லாவற்றையும் இறக்கி ஏற்றவைத்தார். என்னோடு உட்கார்ந்து சீட்டு ஆடினார், தோற்றார், கள்ள ஆட்டம் என்று என்னைத் திட்டினார். அது உண்மைதான். ஆனால் முத்துக்கனி வைத்த எந்தக் கறியையும் ஒரு வார்த்தை நன்றாயிருக்கிறது என்று சொல்லவில்லை. கிருஷ்ணமணியைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. "பெண்வீட்டுக்காரரே, ஒரு பேப்பர் வாங்கிட்டு வாரும்" என்பார். அந்த 'பெண்வீட்டுக்காரரே' கிருஷ்ணமணியின் நெஞ்சில் ஒவ்வொரு தடவையும் முள்ளாகக் குத்தும்.

அங்கே குலசேகரத்தில் அபிதாவின் நிலைமை இன்னும் மோசம். தினமும் போன் வரும். "அம்மா, மாமா எப்ப வருவாவ? இங்க முருங்கக்காய் பறிக்கணும்னாகூட, அவிய வரட்டும் கேட்டுக்கிடலாம்னு சொல்லுதாவ. நான் வந்ததுக்கப்புறம் அவிய வீட்டுல இல்லன்னு அக்கம்பக்கத்துல வேற ஒரு மாதிரி பேச்சு. மறுவீடு எப்பம்மா?"

அதுதான் பெரிய சிக்கல். மறுவீட்டுக்குப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் தாய்மாமன்தான் முன்னால் நின்று கூட்டிக்கொண்டு வரவேண்டும். அது முடியாமல் அபிதா அம்மா வீட்டு வாசல்படி மிதிக்கக்கூடாது. கூட்டிக்கொண்டு வரவேண்டிய ஆள் இங்கே உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்.

"பாலத்துக்குப் போய் அந்தப் பிள்ளைகிட்ட கெஞ்சிப் பாரும்" என்று முத்துக்கனி கணவனை விரட்டினாள். கிருஷ்ணமணி போய்க் கெஞ்சினார். ரெஜிலா, "ஒருத்தருக்கு விட்டா நாளைக்கு யார்கிட்டயும் எனக்குப் பேச முடியாது அண்ணே" என்றாள். முருகதாஸுக்கு இது தெரிந்ததும் கிருஷ்ணமணியைப் பிடித்துக்கொண்டார். "ஓய், எனக்காகச் சட்டத்த வளைக்கச் சொன்னீராமே? நான் என்ன கள்ளக்கடத்துகாரனா?"

இதற்குள் ஜன்னலில் இருந்த நாரங்கா சுருங்க ஆரம்பித்தது. தோல் கறுத்து, காம்பு பக்கம் குழிந்தது. முருகதாஸ் அதைத் திருப்பி வைக்கும்போது அவர் விரல்கள் இப்போது கொஞ்சம் தயங்கின. வெற்றிலையை மாற்றினார். தண்ணீர் தெளித்தார். ஒரு நாள் நான் போகும்போது பழத்துக்கு விசிறிக்கொண்டிருந்தார். இது நான் கூட்டிச் சொல்வது அல்ல, சத்தியமாக விசிறிக்கொண்டிருந்தார்.

கல்யாணத்தில் மிஞ்சிய நாரங்கா ஒரு மூட்டை இருந்தது. வெளியே கொண்டுபோக முடியாது, குப்பையில் போட மனமில்லை. முத்துக்கனி அதை ஆவியில் வேகவைத்துத் துடைத்து, உப்பும் காந்தாரி மிளகாயும் போட்டு ஒரு பெரிய பீங்கான் ஊறுகாய்ப் பரணியில் நிறைத்துக்கொண்டிருந்தாள். நானும் கிருஷ்ணமணியும் பார்த்துக்கொண்டு நின்றோம். முன்னறையைப் பார்த்து முத்துக்கனி சத்தமாகக் கேட்டாள்.

"சம்மந்தி, உங்க நாரங்கா இன்னும் ரெண்டு நாள்ல கருவாடு ஆயிரும். தாருங்க, இதுல போடுகேன்."

கிருஷ்ணமணி தலையில் கைவைத்துக்கொண்டார். முருகதாஸ் எழுந்து அடுக்களை வாசலுக்கு வந்தார்.

"இதுல போட்டா அது பின்ன மரியாதையா, தொடுகறியா?"

"வெளிய கெடந்தாத்தான் கெடும் சம்மந்தி. உப்புல கெடந்தா கெடாது."

அவர் யோசித்தார். யோசித்துக்கொண்டே பரணிக்குள் எட்டிப் பார்த்தார். "உப்புல போட்டது பாலத்தத் தாண்டலாமா?"

நான் அங்கேயே நின்று ரெஜிலாவுக்குப் போன் போட்டேன். வெந்து, உப்பில் ஊறி, விதை முளைக்காத நிலைக்கு வந்தால் தாண்டலாம், ஆனால் பரணியைத் திறந்து பார்த்துத்தான் விடுவேன் என்றாள். முருகதாஸ் முன்னறைக்குப் போய் நாரங்காயை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு வந்தார். வேகவைக்கும்போது கூடவே நின்றார். பரணியில் தானே போட்டார். போடுமுன் அடையாளத்துக்கு நகத்தால் ஒரு கீறல் கீறினார்.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் பரணியைக் குலுக்கிவைக்கிற வேலையை அவரே எடுத்துக்கொண்டார். முத்துக்கனியைத் தொடவிடவில்லை. "ஏட்டி, துணியக் கெட்டி இறுக்கு, காத்து கேறுது" என்று அதட்டினார். 'ஏட்டி' என்று தன் தங்கையைத் தவிர அவர் யாரையும் கூப்பிட்டதில்லை என்பது பிறகு தெரிந்தது. முத்துக்கனி துணியை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினாள்.

ஊறின அன்று பரணியைத் திறந்தோம். முருகதாஸ் சட்டைக் கையை மடித்து, அகப்பையால் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்துப் பார்த்தார். எல்லா நாரங்காயும் வாடிச் சுருங்கி ஒரே மாதிரி கிடந்தன. எல்லாவற்றிலும் கீறல். உப்பு அவ்வளவு வேலை செய்திருந்தது.

"இதா இருக்கும்" என்றார். பிறகு, "இல்ல, இது." ஒன்றை முகர்ந்தார். ஒன்றை வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். நான் சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்துக் கடித்து, அன்று உதடு வீங்கி இட்லி போலாகிவிட்டது.

கிருஷ்ணமணிக்குப் பொறுக்கவில்லை. இத்தனை நாள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை நேராகச் சொல்லாத மனுஷர், பரணியை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சொன்னார்:

"தேடாதீங்க சம்மந்தி. ஊருக்குக் குடுத்து மிஞ்சினதெல்லாம் இதுலதான் இருக்கு. உங்களுக்குள்ளதும் இதுலதான் இருக்கு. எதுன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. பரணியோட கொண்டு போங்க. எல்லாம் உங்களுக்காக்கும். எம் பிள்ளய மட்டும் மறுவீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க."

முருகதாஸ் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"ஊருக்கெல்லாம் ஒவ்வொண்ணு. எனக்கு ஒரு பரணியா?"

"ஒரு பரணி."

"ம்" என்றார். எழுந்து கையைக் கழுவினார். "வண்டி கூப்பிடும்."

பாலத்தில் ரெஜிலா பரணியின் துணியை அவிழ்த்து உள்ளே பார்த்தாள். ஒரு பழத்தை எடுத்து நசுக்கி, விதையை நகத்தால் கீறிப் பார்த்தாள். பிறகு விரலில் ஒட்டினதை நாக்கில் வைத்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "போகலாம்" என்றாள். "உப்பு கொஞ்சம் கூடிட்டு."

முத்துக்கனி அதைக் கேட்டு விறைத்துக்கொண்டாள். "கூடலியே" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

முருகதாஸ் பரணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாலத்தைத் தாண்டினார். அந்தக் கரையில் ஆட்டோ நின்றது. ஏறுவார் என்று பார்த்தோம். ஏறவில்லை. பரணியை ஆட்டோவின் சீட்டில் வைத்து, துணியை மறுபடியும் அவிழ்த்து, ஒரு நாரங்காயை எடுத்தார். உப்புத் தண்ணீர் முழங்கைவரைக்கும் வழிய, அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு திரும்பிப் பாலத்தில் நடந்து வந்தார். உள்ளே கொண்டுவருவதற்குத் தடையில்லாததால் ரெஜிலா டிரம்மை ஒதுக்கிவைத்தாள்.

"கிருஷ்ணமணி" என்றார். "ஞாயிற்றுக்கெழம பிள்ளையளக் கூட்டிட்டு வாறேன். மறுவீட்டுக்கு."

நாரங்காயைக் கிருஷ்ணமணியின் கையில் வைத்தார். திரும்பிப் பார்க்காமல் போய் ஆட்டோவில் ஏறினார்.

ஆட்டோ போய்ப் புழுதியும் அடங்கிவிட்டது. கிருஷ்ணமணி நீட்டின கையை மடக்காமல் நின்றுகொண்டிருந்தார். புதுச் சட்டையில் உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. துடைக்கச் சொன்னேன். கேட்கவில்லை. கண் மட்டும் இரண்டு தடவை சிமிட்டியது.

முத்துக்கனி பக்கத்தில் வந்தாள். அவர் கையிலிருந்த நாரங்காயை எடுத்துப் பாதி கடித்து, நிதானமாக மென்று பார்த்தாள்.

"எங்க கூடிருக்கு? செரியாத்தான் இருக்கு" என்றாள் ரெஜிலாவைப் பார்த்து. மீதிப் பாதியையும் வாயில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.